முதுகும் முக்காடும்

படத்தில் அந்த வேற்றுக்கிரக ஆட்கள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். எதிரே நின்ற மனிதர்களைப் பார்த்தார்கள். பார்த்த கையோடு திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். "என்ன மருவாதி கெட்ட சென்மங்க" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி தொடையில் கிள்ளினாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் என்னைக் கிள்ளாமல் பார்த்த சினிமா ஒன்றுகூடக் கிடையாது.

நான் அந்தப் படத்துக்கு ஆசைப்பட்டுப் போனவன் இல்லை. தாலுகா ஆபீஸில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன் நான். பூமியில் இருக்கிறவர்கள் கொடுத்த மனுக்களையே பார்த்து முடிக்கவில்லை. ஆகாயத்திலிருந்து வேறு ஆட்கள் வந்து இறங்க வேண்டுமா? ஆனாலும் அன்றைக்கு நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஓரத்தில் நான், அடுத்து மனைவி, அவளுக்கு அந்தப் பக்கம் மருமகள், அதற்கும் அந்தப் பக்கம் என் மகன். ஒன்றரை வருஷத்தில் நாலு பேரும் ஒரு கூரைக்குக் கீழே பக்கம் பக்கமாக உட்கார்ந்தது அங்கேதான். அதற்கும் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

என் வீட்டுக் கூரைக்குக் கீழே ஏன் உட்காரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குக் காரணம் நான்தான்.

மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஒரே பிள்ளை. கூட வேலை பார்க்கிற ஒடிசாப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் தாம் தூம் என்று குதித்தேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை என்பதால் நானே குதிப்பதை நிறுத்தினேன். பதிவுத் திருமணத்துக்கு மனைவி மட்டும் போய்வந்தாள். எனக்கு மூட்டுவலி என்று சொல்லி அனுப்பினேன். மூட்டுவலி உண்மைதான், ரயில் ஏற முடியாத அளவுக்கு இல்லை.

இரண்டு மாதம் கழித்து அவன் அந்தப் பெண்ணை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தான். எங்கள் வீடு சமயநல்லூரில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. அன்றைக்கு நான் நல்ல மனசோடுதான் இருந்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. விடிந்ததும் போய் வரிசையில் நின்று இளங்கறியாகப் பார்த்து வாங்கி வந்தவன் நான்தான். மனைவி ஆரத்தி கரைத்துத் தட்டில் வைத்துவிட்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் வந்து நின்றது. பட்டுப்புடவை, நெற்றியில் பொட்டு, தலையில் மல்லிகைப்பூ எல்லாமாக அந்தப் பெண் இறங்கினாள். கேட்டுக்குள் வந்தவள் படியில் நின்ற என்னைப் பார்த்தாள். உடனே முந்தானையை இழுத்து, பூவையும் மூடி, நெற்றி வரைக்கும் முக்காடு போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

எங்கள் பக்கம் முக்காடு எப்போது போடுவார்கள் என்று ஊரறியும். வெயிலுக்குப் போடலாம், மழைக்குப் போடலாம், களையெடுக்கும்போது போடலாம். ஆனால் வாழ வருகிற பெண் வாசற்படியில் நின்று முக்காடு போட மாட்டாள். அது துக்க வீட்டுக் காரியம். எதிர்வீட்டம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றது. பார்த்துவிட்டுச் சும்மா இருக்காமல், "ஏண்ணே, யாருக்கு என்னாச்சு? துக்கமா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டது.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "இது என்ன எழவு வீடாடா? முக்காட்டை எடுத்துட்டு உள்ள வரச் சொல்லு அவள!" என்று மகனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. கத்துகிற கத்தலுக்கு அர்த்தம் புரியத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. எதையோ சொல்லத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். கை தானாக முந்தானையைக் கீழே இறக்கியது. மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான். திருப்பிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. அவள் தோளைப் பிடித்துத் திருப்பிக் காரில் ஏற்றினான், போய்விட்டான். மனைவி அந்த ஆரத்தித் தண்ணீரைச் சாயந்திரம் வரைக்கும் வைத்திருந்துவிட்டு முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். கறிக்குழம்பை யாரும் தொடவில்லை.

ஒரு வாரம் கழித்து மகன் அவன் அம்மாவுக்கு போனில் விவரம் சொன்னான். அவர்கள் ஊரில் மருமகள் மாமனார் முன்னால் தலையைத் திறந்து போட்டுக்கொண்டு நிற்க மாட்டாளாம். முக்காடு போடுவது பெரிய மரியாதையாம். பெங்களூரில் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிற பெண், அவள் அம்மாவே அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லியும், அவர் பெரியவர், நான் செய்வேன் என்று பிடிவாதமாகச் செய்தாளாம். மனைவி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் பேப்பரைப் பிரித்துக்கொண்டேன்.

தலையை மூடுவது மரியாதையாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? ஆபீஸில் எதிர் மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்தவர் முஸ்லிம் நண்பர். அவர் வீட்டுக்கு நோன்புக் கஞ்சிக்குப் போயிருக்கிறேன். அவர் மனைவி தலையில் முக்காடோடு வந்துதான் கஞ்சி கொடுப்பார்கள். ஒரு நாளும் எனக்கு அது தப்பாகத் தெரிந்ததில்லை. ஊரான் வீட்டில் என்றால் புரிகிறது, நம் வாசலில் என்றால் புத்தி மட்டுப்பட்டுவிடுகிறது. சரி, தெரிந்த பிறகாவது ஒரு போன் போட்டிருக்கலாம். மாமனார் எப்படி முதலில் இறங்கிப் போவது என்று இருந்தேன். மகன் தினமும் அவன் அம்மாவோடு பேசுவான். நான் அந்தப் பக்கமாகப் போனால் மனைவி ஸ்பீக்கரில் போடுவாள். அவன் குரலைக் கேட்டுக்கொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். ஒன்றரை வருஷம் இப்படியே போனது.

இந்தச் சித்திரையில் சோழவந்தானில் என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். அதற்கு மகனும் மருமகளும் வந்தார்கள். வந்தவர்கள் டவுனில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் லாட்ஜில் ரூம் எடுத்துத் தங்கினார்கள். சொந்த வீடு பதினைந்து கிலோமீட்டரில் இருக்க, பெற்ற பிள்ளை லாட்ஜில் தங்குகிறான். கல்யாண மண்டபத்தில் வருகிறவர்கள் எல்லாம் "மகன் வீட்டுலதானே இருக்காப்ல?" என்று கேட்டார்கள். நான் "ஆமா, ஆமா" என்று சொல்லிக்கொண்டே பந்தியைப் பார்க்கப் போனேன். மண்டபத்தில் மருமகளை இரண்டு முறை எதிரில் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவள் கை முந்தானைக்குப் போகும். பாதியில் நின்றுவிடும். பிறகு அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வளையலைத் தடவிக்கொள்வாள்.

அன்றிரவு மனைவி சொன்னாள்: "நாளான்னைக்கு சாயந்திரம் அவங்களுக்கு ரயிலு. இந்தத் தடவையும் வீட்டுப் படி மிதிக்காமப் போனான்னா, பெறகு எப்பவும் மிதிக்க மாட்டான். நான் செத்தாத்தான் வருவான். எழுதி வச்சுக்கங்க." அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். மறுநாள் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் போடச் சொல்லி மகனிடம் அவள்தான் கேட்டிருக்கிறாள். சினிமாவில் யாரும் யாரோடும் பேச வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்பது அவள் கணக்கு.

படத்துக்கு வருகிறேன். ஏதோ ஒரு தேசத்தில் உப்புப் பாலைவனம். அதில் கவிழ்த்துப் போட்ட அண்டா மாதிரி ஒரு கப்பல் வந்து இறங்குகிறது. இந்த ஏலியன்கள் எப்போது பார்த்தாலும் ஆளில்லாத இடமாகப் பார்த்துத்தான் இறங்குவார்கள். நம் வைகைக்குள் இறங்கியிருந்தால் சாயந்திரத்துக்குள் வேர்க்கடலை வண்டி வந்திருக்கும். தினம் காலையில் கதவு திறக்கும். உயரமாக, சாம்பல் நிறத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். முன்பக்கமெல்லாம் ஆமை ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். வந்து, மனிதர்களைப் பார்த்ததும் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். விஞ்ஞானிகள் விளக்கைக் காட்டுகிறார்கள், பாட்டுப் போடுகிறார்கள், கணக்கெல்லாம் எழுதிக் காட்டுகிறார்கள். அவர்கள் திரும்புவதாக இல்லை. ராணுவத் தளபதி, "இது மனித குலத்துக்கே அவமானம்!" என்று முழங்குகிறார். டப்பிங்கில் அவர் குரல் நம் அரசியல் மேடைக் குரலாக இருந்ததால் எனக்கு மனுஷனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. சரியாகத்தானே சொல்கிறார்? கோயிலில் சாமிக்கு முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வருகிற பழக்கம் நமக்கு. வீடு தேடி வந்தவன் முதுகைக் காட்டினால் கோபம் வராதா?

இடைவேளையில் மனைவியும் மகனும் பாப்கார்ன் வாங்கப் போனார்கள். காலியாகக் கிடந்த ஒரு நாற்காலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மருமகள். அவள் திரையைப் பார்த்தாள். திரையில் சேலைக்கடை விளம்பரம் ஓடியது. நானும் அதையே பார்த்தேன். ஒரு சேலைக்கடை விளம்பரத்தை இரண்டு பேர் அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மனைவி முதலில் திரும்பி வந்தாள். மருமகள் எழுந்து மகனுக்கு உதவப் போனாள். "ஏன்டி, இவளுக்குத் தமிழ் தெரியாதே, எதுக்குத் தமிழ்ல பேசுற படத்துக்கு வந்துருக்கு?" என்று கேட்டேன்.

"இங்கிலீசுல ஓடுறதுக்குத்தான் போகலாம்னான் நம்ம பய. அத்தை மாமாவுக்குப் புரியாது, தமிழ்லயே எடுன்னு இவதான் சொன்னாளாம். ஏலியன் படம்னா உசுரு அவளுக்கு." அவள் பாப்கார்னை என் கையில் திணித்தாள். "இன்னொன்னும் கேட்டுக்கங்க. அன்னைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னப்ப சொல்றதுக்குன்னு ஒரு வார்த்தை படிச்சிட்டு வந்தாளாம். 'மாமா, நான் வந்துட்டேன்.' பெங்களூர்லருந்து வழி பூரா சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தாளாம். நீங்க எங்க சொல்ல விட்டீக?"

அந்த மூடிக்கொண்ட வாய் எனக்கு ஞாபகம் வந்தது. பாப்கார்னை மனைவி கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

இடைவேளைக்குப் பிறகு ஏசியை ஏற்றிவிட்டார்கள். படத்தில் ஒரு சிப்பாய் பயத்தில் சுட்டுவிடுகிறான். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சாய்ந்துவிடுகிறார். மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள், கதவு மூடுகிறது. இனி யுத்தம்தான் என்று உலகமே பதறிக்கொண்டிருக்கிறது. மறுநாள் காலையில் கதவு திறக்கிறது. மிச்சமிருந்தவர்கள் வருகிறார்கள். சுட்டவர்களைப் பார்க்கிறார்கள். அதே மாதிரி திரும்பி, முதுகைக் காட்டி உட்கார்கிறார்கள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுட்ட பிறகுமா?

படத்தில் ஒரு மாட்டு டாக்டரம்மா வருகிறார். கூட்டத்தில் யாரும் மதிக்காத ஆள். அவர்தான் கவனிக்கிறார், அந்த முதுகில் ஓடு இல்லை. மெல்லிய தோல், உள்ளே நரம்பு துடிப்பதுகூடத் தெரிகிறது. அவர்கள் உடம்பிலேயே காப்பு இல்லாத இடம் அதுதான். தளபதியிடம் அவர் சொல்கிறார்: "அவமானப்படுத்தவில்லை ஐயா. என்னை நீ என்ன வேண்டுமானாலும் செய்யலாம், உன்னை நம்புகிறேன் என்று காட்டுகிறார்கள். இத்தனை நாளாக நாம்தான் அவர்களுக்கு முகத்தைக் காட்டி மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்."

நான் தலையைத் திருப்பினேன். திரை வெளிச்சத்தில் தியேட்டர் முழுக்கத் தெரிந்தது. ஏசிக் குளிர் தாங்காமல் வரிசை வரிசையாகப் பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் என் மனைவியே சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடி, ஜம்மென்று முக்காடு போட்டிருந்தாள். அதற்கு யாரும் துக்கமா என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் என் மருமகள். துப்பட்டாவைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு, இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு, உதடு நடுங்க உட்கார்ந்திருந்தாள். காது இரண்டும் வெளியே இருந்தன. அந்த அரங்கத்தில் தலையை மூடாமல் விறைத்துக்கொண்டிருந்த பெண் அவள் ஒருத்திதான். நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதற்காக.

விஷயம் எனக்கு ஒன்றரை வருஷமாகத் தெரியும். அப்போதுதான் உறைத்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

முன்னால் குனிந்து, மனைவியைத் தாண்டி, தலையை மூடிக்கொள் என்று அவளுக்குச் சைகை காட்டினேன். என் கை தலைக்குப் போவதைப் பார்த்து அவள் பதறிவிட்டாள். தலையில் ஏதோ தப்பாக இருக்கிறது போல என்று நினைத்து, கழுத்தில் கிடந்த துப்பட்டாவையும் கீழே இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இல்லம்மா, இல்லம்மா" என்கிறேன். அவள் இன்னும் மிரள்கிறாள். வாய் இருந்து என்ன பிரயோசனம்?

திரையில் அந்த டாக்டரம்மா தன் கனமான கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, அத்தனை துப்பாக்கிகளுக்கும் நடுவே நடந்து போய், அவர்களுக்குத் தன் முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

என் தோளில் துண்டு கிடந்தது. வேட்டி சட்டை துண்டு இல்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை. அதை எடுத்து உதறி, என் தலையில் போட்டேன். நெற்றி வரைக்கும் இழுத்து, கழுத்தைச் சுற்றிக்கொண்டேன். நம் ஊரில் தலையில் துண்டு போட்டவன் என்றால் எல்லாம் போய்த் தெருவுக்கு வந்தவன் என்று அர்த்தம். போகட்டும் என்று அப்படியே அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த துப்பட்டாவைத் தயங்கித் தயங்கித் தூக்கினாள். காது வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் தலையை ஆட்டினேன். போட்டுக்கொண்டாள்.

மகன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, குளுருதா?" என்றான். ஒன்றரை வருஷத்தில் அவன் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"ஆமாடா, இம்புட்டுக் குளிரு ஆகாது" என்றேன். மனைவி என்னைக் கிள்ளவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படம் எப்படி முடிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு ஏலியன் மெல்ல நகர்ந்து வந்து டாக்டரம்மாவின் முதுகில் தன் முதுகைச் சாய்த்தது வரைக்கும்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு திரை கலங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மகன் செல்போனை எடுத்து வண்டி போட ஆரம்பித்தான். "ஒங்களுக்குச் சமயநல்லூருக்கு ஒண்ணு, எங்களுக்கு லாட்ஜுக்கு ஒண்ணு. ரெண்டு வண்டி போடுறேன்ப்பா."

"ஒரு வண்டி போதும்" என்றேன்.

அவன் விரல் செல்போனில் அப்படியே நின்றது. அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரு வண்டிதான் வந்தது. வழியெல்லாம் டிரைவர் போனில் யாருக்கோ பால் வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது. மனைவி இறங்கியதும், "எல்லாரும் அங்கனயே நில்லுங்க, ரெண்டே நிமிசம்" என்று சொல்லிவிட்டு ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினாள். அவளுக்கும் முட்டிவலிதான், அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. நான் உள்ளே போய் அன்றைக்கு நின்ற அதே படியில் நின்றேன். மகன் கேட்டைத் திறந்தான். மருமகள் கை துப்பட்டாவுக்குப் போனது, பாதியில் நின்றது, கண் என்னைத் தேடியது. "போட்டுக்கம்மா" என்றேன். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது. நெற்றி வரைக்கும் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

எதிர்வீட்டம்மாவுக்கு இந்த மாதிரி நேரத்தில் உள்ளே வேலையே இருக்காது. வாசலுக்கு வந்துவிட்டது. "என்னண்ணே, துக்க வீட்டுக்குப் போயிட்டு வாரீகளா? பொண்ணு முக்காடோட நிக்குது?"

"துக்கமில்ல தாயி. எம் மருமக எனக்கு மருவாதி பண்ணுது. அவுக ஊருல மாமனாருக்கு இப்படித்தான் பண்ணுவாக" என்றேன். தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தமாகத்தான் சொன்னேன். மகன் அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தான். பிறகு கேட்டின் கொண்டியைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான்.

மனைவி தட்டோடு வந்து மூன்று சுற்றுச் சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். மருமகள் முக்காட்டுக்குள்ளிருந்து தலையைத் தூக்காமலே உதட்டை ஒரு முறை அசைத்துப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொன்னாள்.

"மாமா, நான் வந்துட்டேன்."

இரண்டு படி இறங்கிப் போனேன்.

"வாம்மா" என்றேன்.